தரப்படுத்தலை எதிர்த்தோம், தரத்தைத் தேடினோமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு முற்பகல், கோப்பாய்ப் பகுதி விவசாயப் பெரியவர் ஒருவர் தம் மகனுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கடித உறை. உறைக்குள் வெளிநாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்று எழுதிய பதில். மகன் இரசாயனவியலைப் பாடமாகப் பயின்று விஞ்ஞானப் பட்டம் பெற்றவன். இரசாயனப் பொறியியலில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். இடமில்லை என்று பதில் வந்துவிட்டது.

"தம்பி, இதுக்கு ஒரு வழக்குப் போடேலாதோ? தமிழ்ப் பிள்ளை எண்டபடியாத்தானே மறிச்சுப்போட்டாங்கள்?" என்றார் பெரியவர்.

கடிதத்தை இருமுறை படித்தேன். அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. தாங்கள் கோருவது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சித்தி. விண்ணப்பதாரர் பெற்றிருப்பதோ கீழ்ப்பிரிவு. அது முதலாவது. வகையீட்டுச் சமன்பாடுகள், பாய்பொருள் இயக்கவியல், வெப்ப இடமாற்றமும் திணிவு இடமாற்றமும், தாக்கப் பொறியியல் ஆகிய நான்கையும் அவர் பயின்றதற்குச் சான்று இல்லை. இது இரண்டாவது. இக்குறைகளை நிறைவு செய்துகொண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் முடிந்திருந்தது.

"அண்ணை, ஆர் மேல வழக்குப் போடுறது?" என்று கேட்டேன். பெரியவர் வாய் திறக்கவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆர் மேல் வழக்குப் போடுவது? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனை இன்று தமிழ்ப் பெருமக்களின் மன்றிலே வைக்கின்றேன்.

அந்தப் பெரியவரின் சந்தேகம் எங்கிருந்து பிறந்தது?

பெரியவரை நான் குறை கூறேன். கதவு மூடப்பட்டவுடன் "இனம் பார்த்துத்தான் மூடினார்கள்" என்று நினைக்கும்படி நம்மைப் பழக்கியது வரலாறு. அந்த வரலாற்றை இளந்தலைமுறை திருத்தமாக அறிதல் வேண்டும்; மிகைப்படுத்தியும் அறிய வேண்டாம், மறைத்தும் அறிய வேண்டாம்.

1970ஆம் ஆண்டுப் பரீட்சையை அடுத்து, தமிழ் மொழியில் விடை எழுதிய மாணவருக்குத் தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளிகளை வாரி வழங்கிவிட்டார்கள் என்றொரு பேச்சுக் கிளம்பியது. அதனை மெய்ப்பிக்கும் சான்று எதுவும் வெளிவரவில்லை. எனினும் தண்டனை வந்தது. 1971ஆம் ஆண்டுப் பிரவேசத்தில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளி போதும். தமிழ் மொழி மாணவர் 250 பெறுதல் வேண்டும். கட்டுபெத்தையில் முறையே 212, 232. மருத்துவத்துக்கு 229, 250. ஒரே பாடத்திட்டம், ஒரே வினா, ஒரே நாடு, மொழிக்கொரு வாயில்!

கொள்வதற்கொரு கொத்தும் கொடுப்பதற்கொரு கொத்தும் வைத்திருக்கும் வியாபாரியைச் சந்தையில் என்ன பெயரிட்டு அழைப்போம் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குற்றச்சாட்டு இருந்தது, விசாரித்துக் குற்றவாளியெனக் கண்ட தீர்ப்பு இல்லை, தண்டனை மாத்திரம் நிறைவேறியது. சட்டம் படித்த எவனும் இதனை நீதியென்று ஒப்புக்கொள்ளான். 1969ஆம் ஆண்டளவில் பொறியியற் பீடங்களுக்குப் புகுந்தோரில் ஏறத்தாழ 48 வீதத்தினர் தமிழர். 1974ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 16 வீதமாகச் சுருங்கியது. ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு! அந்த ஐந்தாண்டில் தமிழ்ப் பிள்ளைகளின் மூளை சுருங்கிவிட்டதா? அளக்கும் கொத்து மாற்றப்பட்டது, வேறொன்றுமில்லை. அதன் பின்னர் இந்நாடு என்ன விலை கொடுத்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

சலுகை வேறு, வஞ்சனை வேறு

ஆனால் ஒன்றை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மொழியைப் பார்த்துப் புள்ளியைக் குறைத்தது வஞ்சனை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத ஊர்ப் பிள்ளைக்குக் கை கொடுப்பது வேறு காரியம். 1974இல் தொடங்கிய மாவட்ட முறை பல வடிவம் மாறி, இன்று திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்று நிற்கின்றது. அந்த 5 வீதத்தின் பயனை இன்று பெறுவோர் யாவர்? கிளிநொச்சிப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். பதுங்குகுழியிலிருந்து பள்ளிக்கு மீண்ட அந்தப் பிள்ளைகளுக்கு ஓரிடம் கிடைப்பதை அநீதியென்று சொல்ல நமக்கு நாவெழுமா?

அளவுகோலும் முன்போல் மறைவில் இல்லை. 2001ஆம் ஆண்டளவில் இசெற் புள்ளி முறை வந்தது. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரியிலிருந்து நம் பிள்ளையின் புள்ளி எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை, அப்பாடத்துப் புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவினால் பிரித்துக் காண்பதே அம்முறை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே கூடையில் கொட்டிக் கணக்கிட்டபோது, மாணவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2012ஆம் ஆண்டு அக்கணிப்பு செல்லாதென நீதிமன்றம் கூறி, இரு தொகுதியினரையும் வேறு வேறாகக் கணிக்கப் பணித்தது. அளவுகோல் பிழைக்கும்போது கேள்வி கேட்க இன்று ஒரு வழியுண்டு. 1971இல் அவ்வழி நமக்குத் திறக்கவில்லை.

ஆகவே முதலாவது வாயிலைப் பற்றி நாம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவிட்டோம். பேசியது சரி. ஆனால் வாயிலுக்குள் புகுந்த பிள்ளைக்கு அப்பால் என்ன நடக்கின்றது என்று எத்தனை மேடையில் பேசினோம்?

மாவட்டம் கேட்காத வாயில்

பட்டமேற்படிப்பு என்னும் வாயில் உண்டே, அது பிள்ளையின் மாவட்டத்தைக் கேட்பதில்லை. இடப்பெயர்வைக் கேட்பதில்லை. தந்தையின் தோட்டம் எத்தனை பரப்பு என்றும் கேட்பதில்லை. பிரித்தானியப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவைக் கேட்கும். அமெரிக்காவில் நான்குக்கு மூன்று என்னும் சராசரியையே பொதுவாகக் கீழெல்லையாக வைப்பர். நல்ல பீடங்களில் அதுவும் போதாது. இந்தியாவிலோ "கேற்" என்னும் தேர்வு: மூன்று மணித்தியாலம், 65 வினா, 100 புள்ளி. இரசாயனப் பொறியியலுக்கான அவ்வினாத்தாள் கணிதத்தில் தொடங்கி, செயன்முறைக் கணிப்பு, வெப்ப இயக்கவியல், பாய்பொருள், வெப்ப இடமாற்றம், திணிவு இடமாற்றம், தாக்கப் பொறியியல், செயன்முறைக் கட்டுப்பாடு, ஆலை வடிவமைப்பு என்று விரிந்து செல்லும்.

இவ்வளவும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இரசாயனவியலும் இரசாயனப் பொறியியலும் ஒன்றென்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணமே பாதிப் பிள்ளைகளைக் கவிழ்க்கின்றது. உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தினால் குளோரீனும் எரிசோடாவும் ஐதரசனும் பிறக்கும் என்பது இரசாயனவியல். அதனைப் பரிசோதனைக் குழாயிலே காட்டலாம். நாளொன்றுக்குப் பல தொன் உப்பைக் கரைத்து, மின்செலவைக் கட்டுப்படுத்தி, நச்சு வாயு ஊருக்குள் கசியாமல் அடைத்து, வரும் பொருளும் போகும் பொருளும் கணக்கிலே நேராகும்படி ஓர் ஆலையை ஆண்டு முழுதும் ஓட்டுவது இரசாயனப் பொறியியல். முன்னதற்குத் தாக்கத்தின் அறிவு போதும். பின்னதற்குக் கணிதம் முதுகெலும்பு. வகையீட்டுச் சமன்பாடு அறியாதவனை அவ்வகுப்பில் அமர்த்துவது, நீச்சல் அறியாதவனைப் பாக்கு நீரிணையில் இறக்குவதற்கு ஒப்பாகும். அக்கடிதம் நம் இளைஞனுக்குச் செய்தது மறுப்பு. ஆனால் கொடுமை அன்று. காரணத்தைச் சொன்னது, குறையைப் பெயரிட்டுச் சொன்னது, மீண்டும் வா என்றது. 1971ஆம் ஆண்டு வெட்டுப் புள்ளிகள் நம் பிள்ளைகளுக்கு இம்மூன்றில் ஒன்றையேனும் சொன்னதுண்டா?

இது பட்டதாரிகளின் பிரச்சினை மட்டுமா?

"எங்கள் வெங்காயத்துக்கு விலையில்லை, எந்தப் பிள்ளை எந்தப் பட்டம் பெற்றால் எங்களுக்கென்ன?" என்று ஒரு விவசாயி கேட்கலாம். ஐயா, உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் தேங்கி நிற்கும் மழைநீரே நம் குடிநீர், நம் பாய்ச்சல் நீர். தோட்டத்திலிடும் பசளையும் மலக்குழிகளின் கழிவும் அப்பாறை வழியே இறங்கி, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை ஏற்றியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுமாயின் பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வாயுவை ஏந்தும் வலுவை இழக்கும். இந்நீரைச் சுத்திகரிக்கும் வழியைக் காண்பவன் யார்? இரசாயனப் பொறியியலாளன்.

சுன்னாகத்தை மறந்தோமா? மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்ததென்று மக்கள் 2015ஆம் ஆண்டு தெருவில் இறங்கினர். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான மாசு இல்லையென்ற வகையில் அறிக்கை தந்தது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகளோ பல கிணறுகளில் எண்ணெய், கிரீசின் அளவு மிகுந்திருந்ததைக் காட்டின. வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர், தெற்கிலே இயங்கும் சூழலியல் அமைப்பொன்றின் தலைவர். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று. அந்நல்லவருக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் கேட்கின்றேன்: நிலத்தடியில் எண்ணெய் எவ்வழி நகரும், எவ்வளவு நாளில் எவ்விடம் சேரும், எதனால் நீக்கலாம் என்று கணக்கோடும் தகுதியோடும் மன்றிலே சான்று கூற, நம் மண்ணில் பட்டமேற்படிப்பு முடித்த இரசாயனப் பொறியியலாளர் எத்தனை பேர் எழுந்தனர்? வழக்குரைஞன் எவ்வளவு பேசினாலும், நிபுணன் வாய் திறவாத இடத்தில் நீதி நொண்டும். இதனை அனுபவத்தால் சொல்கின்றேன்.

இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் நியாயமாகவே அஞ்சினர். மாற்றாகத் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்து, 2024ஆம் ஆண்டு ஆகத்தில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் ஆற்றல் அதற்குண்டு. உப்பை வடிக்கும் மென்சவ்வு அடைத்துக்கொண்டால் என்செய்வது, வடித்தெடுத்த கடும் உப்புநீரைக் கடலிலே எங்கு விட்டால் மீன் சாகாது என்பனவெல்லாம் இரசாயனப் பொறியியலின் வினாக்களே. கடற்றொழிலாளி அஞ்சிக் கேட்கும்போது விடை கூறக்கூடியவன் வடமராட்சி கிழக்கிலே பிறந்த ஒருவனாக இருக்க வேண்டாமா?

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950ஆம் ஆண்டு புகை கக்கத் தொடங்கி, 1990இல் போரினால் அணைந்தது. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போருக்கு இரையாகி எண்பதுகளிலே ஓய்ந்தது. சுண்ணக்கல் நம்முடையது, உப்பு நம்முடையது. காங்கேசன்துறையிலும் பரந்தனிலும் கைத்தொழில் வலயங்கள் அமைப்பதாக அரசு அண்மையில் அறிவித்துள்ளது. வலயம் வரட்டும். வந்தபின் அதன் வடிவமைப்பு மேசையில் நம் பிள்ளை அமர்வானா, வாசற்காவலில் நிற்பானா?

குற்றவாளிக் கூண்டில் யார் யார்?

இப்பொழுது பெரியவரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். முதலாவது எதிரி அரசு. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014ஆம் ஆண்டிலேதான் முதல் மாணவரை ஏற்றது. 1974இல் திருநெல்வேலியில் வளாகம் திறந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டுகள்! குடிசார் பொறியியல், மின், இலத்திரனியல், கணினி, இயந்திரம் என்று துறைகள் எழுந்தன. உப்பும் சுண்ணமும் உள்ள இந்த மண்ணில் தொடங்கிய அப்பீடத்தின் துறை வரிசையில் இரசாயனத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. அதனைக் கற்க நம் பிள்ளை மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ செல்ல வேண்டும். அங்கும் தொடக்கக் காலப் பெறுபேற்றைக் கொண்டே யார் எத்துறை என்று பிரிப்பர். தமிழில் உயர்தரம் படித்து, ஆங்கில விரிவுரையின் முன் திகைத்து நிற்கும் அந்த முதற் சில மாதங்களிலேயே நம் பிள்ளையின் ஊழ் எழுதப்பட்டுவிடுகின்றது.

இரண்டாவது எதிரி யார்? நாம்தான்.

சீறாதீர்கள், சான்றைக் கேளுங்கள். உயர்தர இரசாயனவியலுக்கு இன்று இரண்டு வினாத்தாள்கள். ஆய்வுகூடச் செய்முறைப் பரீட்சை இல்லை. பரீட்சையில் இல்லாதது பாடசாலையிலும் இல்லாது போயிற்று. அளவியைத் தொடாமலே நியமிப்பில் முழுப் புள்ளி பெறும் பிள்ளையை உருவாக்கிவிட்டு மார் தட்டுகின்றோம். விடியுமுன் ஒரு ரியூசன், பாடசாலை விட்டால் இன்னொரு ரியூசன். கொட்டிலுக்குள் இருநூறு பிள்ளைகள். வினா வருமுன்னே விடை மனப்பாடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று சொன்ன இனம், ஏட்டுச் சுரைக்காயையே பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றது!

வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் அனுப்பும் பணத்தில் வளைவுகள் எழுகின்றன; மண்டபங்கள் எழுகின்றன; பெரும் போட்டிக்குத் துடுப்பும் பந்தும் குறைவின்றி வருகின்றன. ஆய்வுகூடத்தில் குழாய் நீர் வருகின்றதா, தராசு நேராக நிற்கின்றதா என்று கேட்டு நிதி அனுப்பிய சங்கங்கள் எத்தனை? பல்கலைக் கழகப் பட்டியல் வந்தவுடன் பிள்ளையின் படத்தை அச்சிட்டுச் சந்திக்குச் சந்தி கட்டுகின்றோம். நான்காண்டின் பின் அப்பிள்ளை எவ்வகுப்பில் தேறினான் என்று தேடிச் செல்வாரில்லை. பிரவேசத்தையே பட்டமென்று கொண்டாடும் சமூகத்தின் பிள்ளை, உள்ளே சென்றதும் களைத்து அமர்வது இயல்புதானே?

மூன்றாவது எதிரியும் உண்டு: என்னைப் போன்ற மேடைப் பேச்சாளர். 1971ஐப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். வகையீட்டுச் சமன்பாட்டைப் பற்றிப் பேசினால் கூட்டம் கலையும். ஆதலால் நாங்கள் எளிய பேச்சையே பேசினோம். என் பெயரையும் குற்றப்பத்திரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்புரைகளுக்கு விடை

"போர் தின்ற இனத்தை இப்படியா நிறுத்துப் பார்ப்பது?" என்பர் சிலர். 1981இல் நூலகம் எரிந்ததை யான் மறவேன். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வலிகாமம் முழுதும் ஓரிரவில் வெறுமையானபோது, புத்தகப் பையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சிறுவருள் யானும் ஒருவன். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை எங்களுடையது. அந்த ஒளியிலும் கணக்கைச் செய்து பழகினோம். மின்விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் இன்றைய பிள்ளையிடம், உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று போரைக் காட்டிச் சொல்வது பரிவாகாது. அவன் காலில் இடும் தளை.

"இங்கே ஆலை இல்லையே, பொறியியலாளன் எதற்கு?" என்பர் வேறு சிலர். நீர் இருக்கின்றதே! உப்பும் பாலும் பனையும் மீனும் இருக்கின்றனவே! ஆலை வந்தபின் ஆளைத் தேடுவோமாயின் ஆள் வெளியிலிருந்தே வருவான். அப்பொழுது மீண்டும் மேடை கட்டி அழலாம், வேறென்ன?

"நம் பகுதியிலே துறை தொடங்கி, நம் பிள்ளைகளுக்குத் தேர்ச்சிப் புள்ளியைச் சற்றுத் தளர்த்தினாலென்ன?" என்று அன்பினால் கேட்போரும் உளர். இவர்களுக்கே என் கடுமையான விடை. புகும்போது கை கொடுக்கலாம். தேறும்போது புள்ளியைத் தளர்த்தலாகாது. நைத்திரேற்றின் அளவு நம் இனத்தைப் பார்த்துக் குறையாது. கொதிகலனின் அமுக்கம் மாவட்ட ஒதுக்கீட்டை மதியாது. தளர்ந்த புள்ளியால் தேறியவன் அமைத்த சுத்திகரிப்பு நிலையத்து நீரை முதலில் பருகுவோர் நம் குழந்தைகளே. மேலும், அளவுகோல் வளைந்தபோது எதிர்த்து நின்ற நாம், நமக்காக அதனை வளைப்போமாயின், 1971க்கு எதிராக நாம் கூறிய ஒவ்வொரு சொல்லும் அன்றே செத்துவிடும்.

ஆகவே கேட்பது என்ன?

ஒன்று: கிளிநொச்சிப் பீடத்திலே இரசாயன, செயன்முறைப் பொறியியற் துறை. அது நீர், உப்பு, சுண்ணம் ஆகிய வட பகுதிப் பொருள்களில் ஆராய்ச்சி செய்யும் துறையாய், நாட்டின் வேறெந்தத் துறைக்கும் தாழாத தேர்ச்சி அளவோடு அமைதல் வேண்டும். இக்கோரிக்கையை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுத்து மூலம் வைத்து, எழுத்து மூலம் விடை பெறட்டும்.

இரண்டு: அத்துறை வரும்வரை காத்திராது, யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்து விஞ்ஞானப் பீடமும் பொறியியற் பீடமும் கூடி ஓராண்டு இணைப்புப் பாடநெறி ஒன்றை அமைத்தல் வேண்டும். இரசாயனவியற் பட்டதாரிக்கு அந்தக் கடிதம் பெயரிட்ட நான்கு பாடங்களையும் கற்பித்து, புள்ளியோடு சான்றிதழ் வழங்கட்டும். புதுக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. இரு பீடங்களின் மனம் ஒன்றுபட்டாற் போதும்.

மூன்று: பல்கலைக் கழகத்திற் புகும் பிள்ளைக்கு, பெறுபேறு வந்த நாளுக்கும் விரிவுரை தொடங்கும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் வீணே கழிகின்றன. அக்காலத்தில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க ஊருக்கு ஊர் வகுப்பு வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் நம்மிடையே இலரா?

நான்கு: ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் அடுத்த வளைவைக் கட்டுமுன் தன் பாடசாலையின் ஆய்வுகூடத்தைப் பரிசோதிக்கட்டும். பரீட்சையில் இல்லையென்றாலும் உயர்தரப் பிள்ளை ஒவ்வொருவனும் தன் கையால் செய்முறைகளைச் செய்து முடித்தான் என்று அதிபர் கையொப்பமிடட்டும்.

ஐந்து: முதலாண்டு மாணவனுக்கே சொல்லுங்கள், பட்டமேற்படிப்பின் வாயில் எவ்வளவு உயரமென்று. இறுதியாண்டில் விண்ணப்பப் படிவம் வாங்கும் நாளில் அறிபவனுக்கு அந்த அறிவு பயன்படாது. விதைக்குமுன் நிலத்தைப் பார்ப்பவனே விவசாயி. அறுவடை நாளில் நிலத்தைப் பார்ப்பவனுக்கு வேறு பெயர்.

இவற்றுள் முதலாவது மட்டுமே கொழும்பின் கையில் உள்ளது. ஏனைய நான்கும் நம் கையிலேயே கிடக்கின்றன. நான்கையும் செய்துவிட்டு ஒன்றைக் கேட்பவனின் குரலுக்கு வலிமை உண்டு.

முடிவுரை

இந்த மண் இதற்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, இரசாயன நூலையும் தமிழிலே ஆக்கித் தந்தார். அந்நாளில் அத்துணை ஆயத்தம் செய்த ஊர், இந்நாளில் ஆயத்தம் இல்லையென்று கடிதம் வாங்கித் தலை குனிவதா?

பெரியவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அண்ணை, இந்தக் கடிதத்துக்கு எதிரா வழக்கில்லை. இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடாதேங்கோ. இதுதான் பிள்ளைக்குப் பாடத்திட்டம்." அவர் நெடுநேரம் யோசித்தார். பின்னர் கடிதத்தை மகனிடமே கொடுத்து, "அந்த நாலு பாடத்தையும் எங்க படிக்கலாம் எண்டு கேள்" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். எங்கே படிக்கலாம் என்று சொல்ல இக்குடாநாட்டில் ஓரிடத்தையும் என்னால் காட்ட இயலவில்லை. பெரியவர் தொடுக்க வந்த வழக்குக்கு எதிரி அப்பொழுதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த வெட்கத்தை யான் தனியே சுமக்க விரும்பவில்லை. தமிழ்ப் பெருமக்களே, உங்களோடு பங்கிட்டுக்கொள்கின்றேன். அடுத்த முறை ஒரு பிள்ளை இக்கேள்வியோடு வரும்போது, விரலை நீட்டிக் காட்டுவதற்கு ஒரு கட்டடமேனும், ஒரு வகுப்பறையேனும், ஓர் ஆசிரியரேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.